வசைக்கு முந்தின நாள்

2017 ஏப்ரல் 20 அன்று இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் பக்கம் பாப்பாத்திச்சோலையில், அரசுப் புறம்போக்கு என்று வருவாய்த் துறை சொன்ன இடத்தில் நட்டு வைத்திருந்த பெரிய சிலுவை ஒன்றை தேவிகுளம் சப் கலெக்டரின் குழு ஜேசிபி கொண்டு அகற்றியது. அன்று கேரளம் முழுக்க ஒரே பேச்சு. மூணாறு மலைகளில் எந்த நிலம் யாருடையது, அதை வளைத்தவர்கள் யார், இத்தனை ஆண்டுகள் விட்டு வைத்தவர்கள் யார்? முதல்வர் பினராயி விஜயன் சிலுவையை அகற்றிய விதத்தைக் கண்டித்தார். திருச்சபைத் தலைவர்கள் சிலரோ ஆக்கிரமிப்புக்கு மதச் சின்னத்தை மறைப்பாக வைப்பதை ஏற்க முடியாது என்றார்கள். கசப்பானதுதான், ஆனாலும் அது விவாதம். இரண்டே நாளில், 22ஆம் தேதி, அன்றைய மின்துறை அமைச்சர் எம்.எம்.மணி அடிமாலி அருகே ஒரு கூட்டத்தில் பேசினார். 2007இல் மூணாறு இடிப்பு நடவடிக்கைக்குத் தலைமை தாங்கிய அதிகாரியையும், 2015இல் தேயிலைத் தோட்டப் போராட்டம் நடத்திய பெம்பிளை ஒருமைப் பெண்களையும் சேர்த்து, குடியையும் காட்டையும் இழுத்து, அந்தப் பெண்களின் ஒழுக்கத்தைக் கொச்சைப்படுத்துவதாக எல்லோரும் புரிந்துகொண்ட பேச்சு அது. சப் கலெக்டரை மனநல மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்றும் அதே நாட்களில் சொன்னார். மறுநாளிலிருந்து நிலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

தனிமனிதத் தாக்குதல் என்றதும் நாகரிகக் குறைவு, நாக்குத் தடிப்பு என்று ஒதுக்கிவிட்டுப் போவதுதான் நம் வழக்கம். அது அதன் சிறிய பாதி. பெரிய பாதி, அது செய்து முடிக்கும் வேலை: மேசையில் கிடக்கும் கேள்வியை எடுத்து ஒளித்துவிட்டு அங்கே ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவது. இந்த வேலையை வசை பாடியவர் மட்டும் செய்வதில்லை என்பதுதான் 2017இன் பாடம். அடுத்த சில நாட்கள் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சிகள் அமளி செய்தன. மணி ராஜினாமா செய்ய வேண்டும் என்றன. தன் பேச்சைத் திரித்துவிட்டார்கள் என்றார் மணி. அது அவருடைய நாட்டுப்புறப் பாணி என்றார் முதல்வர். மார்க்சிஸ்ட் கட்சி 26ஆம் தேதி மணிக்குப் பகிரங்கக் கண்டனம் விதித்தது. பெம்பிளை ஒருமையின் ஜி.கோமதியும் தோழிகளும் மணி மூணாறுக்கே வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெருவோரத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்க்கத் தலைவர்களும் தொலைக்காட்சி வண்டிகளும் வரிசையாக வந்தன. வந்த தலைவர்களில் எத்தனை பேர் சின்னக்கானல் சர்வே எண்ணைப் பற்றி வாய் திறந்தார்கள்? இடது முன்னணி ஆண்டபோதும் காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய முன்னணி ஆண்டபோதும் வளர்ந்த ஆக்கிரமிப்பு அது. ஆகவே நிலத்தைப் பற்றிப் பேசாமலிருப்பது இரு தரப்புக்கும் வசதி. மணியின் நாக்கு இருவருக்குமே கைகொடுத்தது.

வசை வந்து விழுந்த இடத்தில் இருந்தவர்கள் என்ன கேட்டவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் கம்பெனி, ஏறக்குறைய 20 சதவீதமாக இருந்த போனஸை 10 சதவீதமாகக் குறைத்தது. நாளுக்கு 232 ரூபாய் கூலிக்கு 21 கிலோ கொழுந்து கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மலையிலிருந்து இறங்கி மூணாறு டவுனில் உட்கார்ந்தார்கள். கொச்சி - தனுஷ்கோடி சாலை அடைபட்டது. எந்தக் கட்சிக் கொடியையும் பக்கத்தில் விடவில்லை. தொகுதி எம்.எல்.ஏ. எஸ்.ராஜேந்திரனை விரட்டியடித்தார்கள், அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ்.அச்சுதானந்தன் ஒருவரைத்தான் தங்களோடு உட்கார விட்டார்கள். செப்டம்பர் 13 அன்று போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது; அக்டோபரில் கூலி 301 ரூபாயானது. அவர்கள் கேட்டது 500. இந்தப் போராட்டத்தின் முழக்கங்களைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அவை மென்மையானவை அல்ல. கொழுந்து கிள்ளுகிறவள் யார், கொள்ளையடிக்கிறவன் யார் என்று நேருக்கு நேர் கேட்டவை. தலைவர்களின் வீட்டையும் தங்கள் லயத்தையும் ஒப்பிட்டவை. லயம் என்றால் ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும் கொண்ட வரிசை வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், வீட்டில் வேறு யாரும் தோட்டத்தில் பெயர் பதியவில்லை என்றால், அதையும் காலி செய்துவிட்டுப் போக வேண்டும். அவர்கள் வைத்த கேள்விக்கு அன்றும் உடனே வந்த பதில் என்ன? 'இவர்கள் பின்னால் இருப்பது யார்?' வெளியாள், தமிழ்த் தீவிரவாதி என்றெல்லாம் பேச்சு கிளம்பியது. போனஸ் கணக்கு சரியா தவறா என்பதைவிட, கணக்குக் கேட்கிறவள் யார் ஏவிவிட்டு வந்தாள் என்பது பலருக்குச் சுலபமான விவாதமாக இருந்தது. ஒன்றரை ஆண்டு கழித்து மணி பேசியது அந்த விவாதத்தின் அடுத்த படி.

ஆளைப் பேசும் இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு முகம் உண்டு. அதை நாம் வசை என்று சொல்வதில்லை, பாராட்டு என்கிறோம். பாப்பாத்திச்சோலைக்குப் பிறகு சப் கலெக்டர் ஸ்ரீராம் வெங்கிட்டராமன் ஊடகங்களின் நாயகனானார். அதே ஆண்டு ஜூலையில் அவர் மாற்றப்பட்டபோது நில மீட்பே செத்துவிட்டது போலப் புலம்பினார்கள். 2019 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் கார் மோதிப் பத்திரிகையாளர் கே.எம்.பஷீர் இறந்த வழக்கில் அதே அதிகாரி குற்றம்சாட்டப்பட்டவரானார். 'இவர்தானே உங்கள் ஹீரோ' என்ற கேலி உடனே கிளம்பியது. பஷீரின் மரணம் அதற்குரிய நீதிமன்றத்தில் விசாரிக்க வேண்டிய கொடுமை. அதனால் பாப்பாத்திச்சோலை நிலம் ஓர் அங்குலம்கூடத் தனியாருடையதாக மாறிவிடாது. ஆனால் நிலத்தின் நியாயத்தை ஓர் ஆளின் தோளில் ஏற்றி வைத்தவர்களுக்கு, அந்த ஆள் விழுந்ததும் நியாயமும் விழுந்தது. 2019 பிப்ரவரியிலும் இதே கதை. முதிரப்புழை ஆற்றோரம் மூணாறு ஊராட்சி கட்டிக்கொண்டிருந்த வணிக வளாகத்தை, வருவாய்த் துறையின் தடையின்மைச் சான்று இல்லை என்று சப் கலெக்டர் ரேணு ராஜ் நிறுத்தினார். அவருக்கு மூளையில்லை என்ற பொருளில் ராஜேந்திரன் எம்.எல்.ஏ. ஒருமையில் பேசினார், பிறகு வருத்தம் தெரிவித்தார். அந்தச் சான்று வேண்டும் என்பது 2010இல் உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவு. சாதாரண மக்கள் வீடு கட்டவும் அது தடையாக இருக்கிறது என்ற மூணாறுவாசிகளின் குறையில் உண்மை உண்டு, எம்.எல்.ஏ. அதை நல்ல வாதமாகவே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஆகவே ஊரே ஒரு வாரம் பெண் அதிகாரியின் மரியாதையைப் பேசியது, கட்டட விதியைப் பேசவில்லை.

இடுக்கியில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பி.டி.தாமஸுக்கு நேர்ந்ததைவிடத் தெளிவான சான்று கிடையாது. 2009 முதல் 2014 வரை இடுக்கியின் காங்கிரஸ் எம்.பி. அவர். மேற்கு மலைத்தொடரை மூன்று மண்டலங்களாகப் பிரித்துப் பாதுகாக்கச் சொன்ன மாதவ் காட்கில் குழு 2011 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. 2013இல் வந்த கஸ்தூரிரங்கன் குழு கேரளத்தின் 123 கிராமங்களைச் சூழல் நுண்ணுணர்வுப் பகுதியாகப் பட்டியலிட்டது. தாமஸ் காட்கில் அறிக்கையை ஆதரித்தார். மலையோரக் குடியேற்ற விவசாயிகள் கொதித்தார்கள். அவர்களுடைய பயம் கற்பனை இல்லை. 1961இல் அய்யப்பன்கோவிலிலிருந்து குடும்பம் குடும்பமாக வெளியேற்றி அமராவதியில் கொண்டு கொட்டியதும், ஏ.கே.கோபாலன் அங்கே உண்ணாவிரதம் இருந்ததும் மூன்று தலைமுறை நினைவில் நிற்கிறது. பட்டாவுக்குக் காத்திருந்தே கிழவரானவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பட்டா என்னாகும், மண்டலத்துக்குள் வீட்டைப் புதுப்பிக்கலாமா, கடன் கிடைக்குமா என்று அவர்கள் எம்.பி.யை வழிமறித்துக் கேட்டிருந்தால் அதைவிட நல்ல ஜனநாயகம் வேறில்லை. நடந்தது என்னவென்றால், உயிரோடிருந்த மனிதருக்குச் சவ ஊர்வலம் நடத்தினார்கள், பாதிரியார்கள் பங்கெடுக்க. 2014 தேர்தலில் காங்கிரஸ் அவருக்கு சீட் கொடுக்கவில்லை. மலையோர விவசாயிகளின் ஹைரேஞ்ச் சம்ரக்ஷண சமிதியும் இடதுசாரிகளும் ஆதரித்த ஜோய்ஸ் ஜார்ஜ் வென்றார். கிராம சபைகளில் வைத்துப் பேசி முடிவெடுங்கள் என்று காட்கில் கேட்டுக்கொண்ட அறிக்கை, அந்தச் சபைகளுக்கு வந்து சேரவேயில்லை. ஊர்வலத்தில் போனவர்களுக்கு ஊர்வலத்தால் பட்டாவும் வரவில்லை. 2018 வெள்ளமும் 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் 70 பேரைக் கொண்டுபோன நிலச்சரிவும் வந்தபின் தாமஸ் சொன்னதைப் பலர் நினைத்துக்கொண்டார்கள். அறிக்கையை ஏற்றிருந்தால் பெட்டிமுடி லயங்கள் தப்பியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. இந்தச் சரிவுகளில் மனிதர் எங்கே பயமின்றிப் படுத்து உறங்கலாம் என்ற கேள்வியை, பேச வேண்டிய காலத்தில், பாடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டோம் என்பதை மட்டும் சொல்லலாம்.

இதெல்லாம் ஒரு கட்சியின் வியாதி என்று எண்ணுகிறவர்களுக்கு 2022 ஜூலையின் ஒரு வாரம் போதும். ஜூலை 14 அன்று சட்டமன்றத்தில் உள்துறை மானியக் கோரிக்கை மீதான விவாதம். 2012இல் வெட்டிக் கொல்லப்பட்ட டி.பி.சந்திரசேகரனின் மனைவியும் வடகரை எம்.எல்.ஏ.வுமான கே.கே.ரமா காவல் துறையையும் முதல்வரையும் விமர்சித்தார். உடும்பன்சோலை எம்.எல்.ஏ. மணி எழுந்து, அவர் விதவையானது அவருடைய விதி என்ற ரீதியில் பேசினார். கண்டித்து ஊர்வலம் போன மகளிர் காங்கிரஸார் மணியின் முகத்தைச் சிம்பன்சி உடலில் ஒட்டிய படத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதைப் பற்றிக் கேட்டபோது மாநில காங்கிரஸ் தலைவர் கே.சுதாகரன், முகம் அப்படித்தானே இருக்கிறது, படைத்தவனைத்தான் சொல்ல வேண்டும் என்கிற மாதிரி பதில் சொன்னார்; பிறகு மன்னிப்புக் கேட்டார். 20ஆம் தேதி சபாநாயகர் எம்.பி.ராஜேஷ், மணியின் பேச்சு ஏற்கத்தக்கதல்ல என்று தீர்ப்புச் சொல்ல, மணி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஒரு பெண்ணின் துயரத்தை இழிவுபடுத்தியதற்கு எதிர்ப்பு, கறுத்த ஒரு கிழவரின் முகத்தை இழிவுபடுத்துவதில் போய் முடிந்தது. ரமா காவல் துறையைப் பற்றி எழுப்பிய விமர்சனத்துக்கு அந்த வாரத்தில் யார் பதில் சொன்னார்?

இப்போது மறுப்புகளுக்கு வரலாம். எல்லாவற்றிலும் வலுவானது 2017இல் முதல்வர் சொன்னதை ஒட்டி வருவது: இது நாட்டுப்புறத்துப் பேச்சு, மலையில் கூலி வேலை செய்து வளர்ந்த மனிதரின் நேர்ப்பேச்சு, அதைக் குற்றம் சொல்வது படித்தவர்களின், மேல்சாதியினரின் நாசூக்கு. இதைச் சும்மா தள்ள முடியாது. நாகரிகம் என்ற பெயரில் ஏழையின் கோபத்தை வாயடைத்த வரலாறு நமக்கு நிறைய உண்டு. சபையில் மெதுவான மலையாளத்தில் ஒருவன் செய்யும் துரோகத்தைவிட, சந்தையில் ஒருத்தி போடும் கூச்சல் நேர்மையானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த வாதத்துக்கு மூணாறே பதில் வைத்திருக்கிறது. அமைச்சரைவிட ஏழைகளும், அதிகம் படிக்காதவர்களும், அதே மலையில் வளர்ந்தவர்களும்தான் 2015இல் தெருவில் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய பேச்சும் பச்சையாகத்தான் இருந்தது. ஆயினும் அவர்கள் தாக்கியது கணக்கை, சங்கத்தின் சமரசத்தை, யாருக்கு எந்த வீடு என்பதை. ஒருவர் பெண்டாட்டியையோ நடத்தையையோ அவர்கள் தொட வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அவர்களிடம் சொல்வதற்கு விஷயம் இருந்தது. மலைப்பேச்சு என்று சொல்லி மணியைக் காப்பாற்றியபோது, அவமதிப்பு பாய்ந்த திசையையும் மறைத்தார்கள்: அமைச்சரிடமிருந்து 301 ரூபாய்க் கூலிக்காரியை நோக்கி.

இரண்டாவது மறுப்பு வேறு வகை. பொதுவாழ்வில் இருப்பவனின் ஆளைப் பேசாமல் எப்படி? நிலம் வளைத்தானா, பொய் சொன்னானா என்பதெல்லாம் தனிமனித விஷயம்தானே? ஆம், பேச வேண்டும். பதவிக்குத் தொடர்புடைய உண்மையா, அதைச் சோதிக்க வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேச வேண்டும். இதற்கும் தேவிகுளத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய அந்தத் தொகுதியில் 2021இல் மார்க்சிஸ்ட் வேட்பாளர் ஏ.ராஜா 7,848 வாக்குகளில் காங்கிரஸின் டி.குமாரை வென்றார். ராஜா கிறிஸ்தவர், ஆகவே ஒதுக்கீட்டுத் தொகுதியில் நிற்கத் தகுதியில்லை என்று குமார் வழக்குப் போட்டார். ஒருவருடைய மதம், திருமணம், தாத்தா பாட்டியின் பூர்விகம் இவற்றைவிடத் தனிப்பட்டது என்ன இருக்கிறது? ஆயினும் சட்டம் அதைக் கேட்கிறது, கேட்டாக வேண்டும். சர்ச் பதிவேடுகளையும் சாட்சிகளையும் வைத்து 2023 மார்ச் 20 அன்று உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி ராஜாவின் வெற்றியை உறுதி செய்தது. எந்தத் தீர்ப்பு சரி என்பதில் கருத்து வேறுபடலாம். குற்றம்சாட்டியவர் நிரூபிக்க வேண்டியிருந்தது, சாட்டப்பட்டவருக்கு மறுக்க இடமிருந்தது, முடிவு ஒன்று வந்தது. மேடையில் வரும் வசைக்கு இந்த மூன்றும் கிடையாது. அதுதான் அதன் சௌகரியமே. இடையில் ஒரு சிறு விஷயம்: ராஜா தமிழில் எடுத்த உறுதிமொழி மொழிபெயர்ப்புக் குறையால் செல்லாமல் போய், மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அறுபது ஆண்டு கடந்த மாநிலத்தில் தமிழில் ஓர் உறுதிமொழியைப் பிழையில்லாமல் வைத்திருக்க முடியாததற்கு யார் பொறுப்பு என்று சபையில் பெரிய விவாதம் ஏதும் நடந்ததாகத் தெரியவில்லை.

மக்கள் இதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை, அவர்களுக்குப் பிடிக்கவும் செய்கிறது என்பது மூன்றாவது. எண்கள் இதற்குத் துணை நிற்கின்றன. உடும்பன்சோலையில் 2016இல் 1,109 வாக்குகளில் தப்பிப் பிழைத்த மணி, அத்தனை பேச்சுக்கும் பிறகு 2021இல் 38,305 வாக்குகளில் வென்றார். தோற்றால் மொட்டையடிப்பேன் என்ற எதிர்வேட்பாளர் இ.எம்.ஆகஸ்தி சொன்னபடி மொட்டை அடித்துக்கொண்டார். மறுபக்கம் 2019இல் ஆலத்தூர் வேட்பாளர் ரம்யா ஹரிதாஸைப் பற்றி இடது முன்னணி ஒருங்கிணைப்பாளர் ஏ.விஜயராகவன் பேசிய தரக்குறைவான பேச்சுக்குப் பின் ரம்யா 1,58,968 வாக்குகளில் வென்றதைக் காட்டி, வசைக்குத் தண்டனை கிடைத்தது என்பவர்கள் உண்டு. நான் அப்படிக் கூட்டிக் கழிக்க மாட்டேன். அந்த ஆண்டு ராகுல் காந்தி வயநாட்டில் நின்ற அலை கேரளத்தின் 20 தொகுதிகளில் 19ஐ அடித்துச் சென்றது. மணி வென்றதிலும் சாலை, மின்சாரம், அமைச்சராக ஓடியாடியது எல்லாம் இருக்கிறது. வாக்கு இயந்திரத்தில் ஒருவருக்கு ஒரே ஒரு பொத்தான்தான்; அவருடைய நாக்குக்குத் தனி, வேலைக்குத் தனி என்று அமுக்க வழியில்லை. வாக்காளர் சகித்துக்கொண்டதை வாக்காளர் விரும்பியதாக எழுதிவைப்பது அரசியல்வாதிக்கு லாபம். எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் நிலைமை மெச்சும்படி இல்லை. 2021இல் எடப்பாடி பழனிசாமியின் தாயைப் பற்றிய பேச்சுக்காக தி.மு.க.வின் ஆ.ராசாவுக்குத் தேர்தல் ஆணையம் 48 மணி நேரம் பிரச்சாரத் தடை விதித்தது (தேவிகுளம் ராஜா வேறு, இவர் வேறு). 2025 ஏப்ரலில் பெண்களையும் சமயங்களையும் இழிவுபடுத்திய பேச்சுக்காக அதே கட்சியின் க.பொன்முடி கட்சிப் பொறுப்பை இழந்தார், மாத முடிவுக்குள் அமைச்சர் பதவியையும் விட்டார். பொன்முடி விஷயத்தில் ஒன்றைக் கவனிக்கலாம்: கட்சி நினைத்தால் முடியும்.

பாலக்காட்டுக்கு வருவோம். 2024 நவம்பர் இடைத்தேர்தல். 5ஆம் தேதி நள்ளிரவு நகரத்து ஹோட்டல் ஒன்றில் காங்கிரஸ் பெண் தலைவர்களின் அறைகள் உட்படப் போலீஸ் சோதனை போட்டது. நீல நிற டிராலி பையில் கறுப்புப் பணம் வந்ததாகக் குற்றச்சாட்டு. பணம் எதுவும் சிக்கவில்லை. அதன் பிறகு நாள் கணக்கில் சிசிடிவி காட்சிகள், பையின் நிறம், யார் எந்த வாசலில் போனார் என்பதே பிரச்சாரம். அந்த நேரத்தில் பாலக்காட்டு வயல்களில் முதல் போக நெல் அறுவடை முடிந்து, அரசு நிறுவனமான சப்ளைகோவுக்குக் கொடுத்த நெல்லுக்குப் பணம் எப்போது வரும் என்று விவசாயி வங்கி வாசலில் நின்றுகொண்டிருந்தார். இதைச் சொல்லத் துணிந்தவர் மார்க்சிஸ்ட் கட்சியின் முன்னாள் எம்.பி. என்.என்.கிருஷ்ணதாஸ்: டிராலியைத் தூக்கி எறியுங்கள், மக்கள் பிரச்சினையைப் பேசுங்கள் என்றார். அவருடைய மாவட்டச் செயலாளரே உடனடியாக அவரை மறுத்தார். வேடிக்கை என்னவென்றால், சில வாரங்களுக்கு முன்பு செய்தியாளர்களை இறைச்சிக்கடை வாசலில் நிற்கும் நாய்களோடு ஒப்பிட்டவரும் இதே கிருஷ்ணதாஸ்தான். ஒரே மனிதர் அக்டோபரில் வசையும் நவம்பரில் விவேகமும் பேச முடிகிறது என்றால், இது பிறவிக் குணம் பற்றிய விஷயம் இல்லை; எது விலை போகிறது என்ற கணக்கு.

அதே பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் தாலுகாவில், நேர்மையான சண்டை எப்படி இருக்கும் என்பதற்கும் மாதிரி இருக்கிறது. பரம்பிக்குளம் - ஆளியாறு ஒப்பந்தப்படி 1970இலிருந்து சித்தூர் பாசனத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டில் தமிழ்நாடு விட வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் சண்டை வருகிறது. கொழிஞ்சாம்பாறையில் மறியல், பொள்ளாச்சியில் எதிர்மறியல், கூட்டு ஒழுங்காற்று வாரியத்தில் வாக்குவாதம். ஆனால் சண்டைக்கு நடுவில் ஓர் எண் இருக்கிறது, அளவுகோல் இருக்கிறது. அதைப் பார்த்துக் குறைவு என்றோ சரி என்றோ சொல்லியாக வேண்டும். முல்லைப் பெரியாறில் 2011இல் நடந்ததோ நேர்மாறு. அந்த டிசம்பரில் கேரள அட்வகேட் ஜெனரல் கே.பி.தண்டபாணி, பெரியாறு அணை உடைந்தாலும் தண்ணீரை இடுக்கி நீர்த்தேக்கம் தாங்கும் என்ற பொருளில் உயர் நீதிமன்றத்தில் சொன்னார். அது சரியா, கணக்கு என்ன, இடையில் உள்ள ஊர்களுக்கு என்னாகும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவும் வேண்டும், ஏனென்றால் இடையில் வண்டிப்பெரியாறும் உப்புத்தறையும் இருக்கின்றன. எழுந்த கூச்சலோ அவரை நீக்கு என்பதுதான். அதே வாரங்களில் குமுளியிலும் கம்பத்திலும் மலையாளியின் கடையும் தமிழனின் வண்டியும் உடைந்தன. உடும்பன்சோலை ஏலத்தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் மலையிறங்கித் தேனிப் பக்கம் ஓடின. மேலே 'துரோகி' என்ற சொல் புழங்க ஆரம்பித்தால் எல்லையில் அதற்கு முகம் கிடைத்துவிடுகிறது. திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் அது வெறும் சொல்; குமுளியில் அது பக்கத்துக் கடைக்காரர்.

சட்டம் போட்டு இதை நிறுத்தலாமா? மணியின் 2017 பேச்சே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் தள்ளிய பொதுநல மனுவின் மேல்முறையீடு, உத்தரப் பிரதேச அமைச்சராயிருந்த அசம் கானின் பேச்சு பற்றிய வழக்கோடு சேர்ந்து ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு வந்தது. 2023 ஜனவரி 3 அன்று வந்த தீர்ப்பின் பெரும்பான்மைப் பகுதியை எழுதிய நீதிபதி வி.ராமசுப்பிரமணியன், தீப்புண்ணையும் சொற்புண்ணையும் ஒப்பிடும் குறளைச் சுட்டித்தான் தொடங்குகிறார். மூணாறுப் பெண்களின் வழக்குக்கு வள்ளுவர் டெல்லி வரை துணை வந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அரசமைப்பின் 19(2) பிரிவில் உள்ளவற்றுக்கு மேல் பேச்சுரிமைக்குப் புதுக் கட்டுப்பாடு விதிக்க முடியாது என்றும், கூட்டுப்பொறுப்பைக் காட்டி ஓர் அமைச்சரின் பேச்சை அரசின் தலையில் கட்ட முடியாது என்றும் நால்வர் தீர்ப்பளித்தார்கள். இரண்டாவது விஷயத்தில் மாறுபட்ட நீதிபதி பி.வி.நாகரத்னா, கட்சிகள் தங்களுக்கென்று நடத்தை விதி வகுக்க வேண்டும் என்றார். முதல் விஷயத்தில் நீதிமன்றம் செய்தது சரி. வசையைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தால் அது முதலில் பாயும் இடம் பெம்பிளை ஒருமையின் முழக்கங்களாகத்தான் இருக்கும். ஆகவே இதன் மருந்து சட்டத்துக்கு வெளியில்: கட்சிக்குள், சபாநாயகரின் நாற்காலியில், அதைவிட முக்கியமாகச் செய்தி எழுதும் மேசையில். பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் வசையை முதல் பக்கத்தில் போட்டு, பத்து பேரிடம் கண்டனம் வாங்கி, மன்னிப்பை மூன்றாம் நாள் உள்பக்கத்தில் போட்டுக் கோப்பை மூடுகின்றன. எந்தக் கேள்வியிலிருந்து தப்ப அந்த வசை வந்தது என்பதை அதே செய்தியில் முதல் பத்தியில் எழுத வேண்டும். தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் மேடைகளில் அந்தக் கேள்விகளைத் தமிழிலும் கேட்க வேண்டும். கேட்கப்படுகிறவர்களில் பலர் தமிழில்தான் வாக்கு சேகரிக்கிறார்கள். அடுத்த முறை மூணாறில் ஒருவர் எதிராளியின் குடும்பத்தையோ உடலையோ தொட்டுப் பேசிவிட்டு இறங்கும்போது, மைக்கை நீட்டுகிறவர் 'மன்னிப்புக் கேட்பீர்களா' என்பதோடு நிற்க வேண்டாம். ஓய்வு பெற்ற தொழிலாளி லயத்தைக் காலி செய்துவிட்டு எங்கே போவார், அவருக்கு எத்தனை சென்ட் நிலம், எந்த ஆண்டுக்குள் என்று கேட்கட்டும். மன்னிப்புக்கு அரை நிமிடம் போதும், அதை எல்லோரும் கேட்டுப் பழகிவிட்டார்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு இடது முன்னணியிடமும் பதில் இல்லை, ஐக்கிய முன்னணியிடமும் இல்லை, பா.ஜ.க.விடம் இருந்தால் அதையும் கேட்டுப் பார்த்துவிடலாம்.